இரண்டு குமிழிகளுக்கு நடுவே

பேனா ரீஃபிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று. அதை ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டி மேசைமேல் பொருத்தியிருக்கிறார்கள். அதற்குள் சின்னத் துண்டாக நீல நீர். அதன் வாலைப் பிடித்தபடி ஒரு காற்றுக்குமிழி. மறுபடி நீலம், மறுபடி குமிழி. வளைவில் திரும்பும் கூட்ஸ் வண்டியைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. பெட்டிகளின் நிறம்தான் ஒன்றுபோல இல்லை. கொஞ்ச நேரம் மைநீலமாக வந்தது. பிறகு வெளிறிக்கொண்டே போய் வெறும் தண்ணீர் ஆனது. திரும்ப இளநீலம்.

"இந்த மைக்கலர் வருது பாருங்க சார், வருஷம் தவறாம டிஏபி உரம் போட்ட வயல். பின்னாலயே சோகை பிடிச்ச மாதிரி ஒண்ணு வருதே, அது மானாவாரி" என்றார் அதை இயக்கிக்கொண்டிருந்த இளைஞர். ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் இடையே ஓடியது ஒன்றிரண்டு நிமிடம்தான். அதற்குள் ஒரு வயல் முடிந்து இன்னொரு வயல் வந்துவிட்டது.

மண்ணிலுள்ள சத்துகளைத் தானாகவே அளக்கும் எந்திரங்கள் பலவகை. அவற்றில் பழசும் எனக்குப் பிடித்ததும் இதுதான். குழாய்க்குள் காற்று புகுந்தால் தொல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். குளுக்கோஸ் பாட்டில் குழாயில் குமிழியைக் கண்டால் நர்ஸைக் கூப்பிடுகிறோம். டீசல் எஞ்சினில் காற்றுப் பிடித்துக்கொண்டால் பம்புசெட் நின்றுவிடும். இந்த எந்திரமோ காற்றை விலை கொடுத்து வாங்கியது போலக் கணக்காக உள்ளே விடுகிறது.

இந்தக் குமிழி மண்ணுக்காகப் பிறந்ததல்ல. ரத்தத்துக்காகப் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் லெனார்ட் ஸ்கெக்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் வேலை பார்த்தார். சர்க்கரை, யூரியா என்று ரத்தப் பரிசோதனைகள் பெருகிக்கொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் பிப்பெட்டில் உறிஞ்சி, சோதனைக் குழாயில் விட்டு, ரசாயனம் சேர்த்து, சூடாக்கி, நிறத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஒரே வேலையை நூறு முறை செய்கிற கை எங்காவது தவறும். சோதனைக் குழாயே இல்லாமல், திரவத்தை நிற்காமல் ஓடவிட்டே இதையெல்லாம் செய்துவிட முடியாதா என்று ஸ்கெக்ஸ் யோசித்தார். முடிந்தது. அவருடைய வடிவமைப்பை 1957-ல் டெக்னிகான் நிறுவனம் 'ஆட்டோ அனலைசர்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் எங்கே இருந்தது என்பதை ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நடு ஆற்றில் தண்ணீர் விரைந்து ஓடும். கரையோரம் தயங்கித் தயங்கி நகரும். மெல்லிய குழாய்க்குள்ளும் அதுவேதான். நடுவில் ஓடும் திரவம் முந்திக்கொள்ள, சுவரை ஒட்டியது பின்தங்கும். முருகேசன் வயல் மண்ணிலிருந்து இறக்கிய சாற்றைத் தொடர்ந்து முத்தம்மாள் வயல் சாற்றை விட்டால், முதலாவதின் வால் சுவரோரம் இழுபட்டு இரண்டாவதின் தலையில் கலந்துவிடும். இரண்டு வயலுக்கும் நடுவில் வரப்பு இருக்காது.

குமிழிதான் அந்த வரப்பு. குழாயின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நகரும் குமிழி, சுவரில் ஒட்டியதை வழித்துக்கொண்டு போகிறது. இரண்டு குமிழிகளுக்கு இடையே அகப்பட்ட திரவத்துண்டு ஒவ்வொன்றும் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு குட்டிச் சோதனைக் குழாய். சுருளில் அது மேலும் கீழுமாகப் புரளும்போது உள்ளே இருப்பது தானாகவே கலங்கிச் சேர்கிறது. கையால் குலுக்க வேண்டியதில்லை. குமிழிகள் முரண்டு பிடிக்காமல் வழுக்கிப் போக, சோப்பு போன்ற ஒரு பொருளைத் துளி சேர்ப்பார்கள். அது தீர்ந்துபோனால் குமிழிகள் உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வரிசை குலைந்து, அன்றைய வேலை கெட்டுவிடும்.

பிப்பெட்டின் வேலையைச் செய்வது பம்பு. பால் கறப்பவரின் விரல்கள் காம்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வருவது போல, உருளைகள் பல ரப்பர் குழாய்களை ஒரே நேரத்தில் நசுக்கிக்கொண்டே நகர்கின்றன. பருத்த குழாய் அதிகம் தள்ளும், மெலிந்தது குறைவாகத் தள்ளும். மண் சாறு இத்தனை பங்கு, அமிலம் இத்தனை பங்கு, காற்று இத்தனை பங்கு என்பதைக் குழாய்களின் உள்விட்டமே முடிவு செய்துவிடுகிறது. எந்தக் குழாய் எந்தப் பருமன் என்று தெரிய ஓரத்தில் வண்ண அடையாளத் துண்டுகள் மாட்டியிருக்கும். நாள்பட நசுங்கி நசுங்கி ரப்பர் தளரும், அளவு நழுவும். அதனால்தான் மாதிரிகளை அடுக்கிய தட்டின் தொடக்கத்திலும் நடுநடுவிலும், சத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்த கரைசல்களை வைத்து எந்திரத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தானியங்கி என்றாலும் தலையைத் திருப்பிவிட முடியாது.

சரி, நீலம் எப்படி வருகிறது? நாம் மணிச்சத்து என்று சொல்கிற பாஸ்பரஸ், மண் சாற்றில் பாஸ்பேட்டாக இருக்கிறது. அமிலத்தோடு மாலிப்டேட் சேர்த்தால் பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் பிணைந்து ஒரு பெரிய மூலக்கூறாகும். அதில் அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி-யை விட்டால், நீலம் பூக்கும். துளி ஆன்டிமணி இருந்தால் சீக்கிரம் பூக்கும். மர்ஃபி, ரைலி என்ற இருவர் 1962-ல் வெளியிட்ட முறை இது. கடல்நீரிலும் ஆற்றுநீரிலும் உள்ள பாஸ்பேட்டை அளப்பதுதான் அவர்கள் நோக்கம். ஒரு வேடிக்கை: பல கருவிகள் இந்த நீலத்தை அளப்பது 880 நானோமீட்டர் ஒளியில். அது அகச்சிவப்பு, நம் கண்ணுக்கே தெரியாது. நான் மேசையருகே நின்று ரசித்த நீலத்தை எந்திரம் பார்க்கவே இல்லை.

தழைச்சத்தின் கதை மதுவில் தொடங்குகிறது. நைட்ரஜனை அளக்கும் புகழ்பெற்ற முறையை 1883-ல் தந்த யோஹான் கெல்டால், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தவர். பார்லியின் புரதம் அவருடைய கவலை. நைட்ரைட்டை இளஞ்சிவப்பாக்கிக் காட்டும் வினைக்குப் பெயர் கொடுத்த பீட்டர் கிரீஸ், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் பீர் ஆலையில் வேதியியலாளர். இன்றும் ஓட்டக் கருவிகளில் நைட்ரேட்டை அளக்க, சாற்றைக் காட்மியம் நிரப்பிய குழலில் செலுத்தி நைட்ரைட்டாக மாற்றி, கிரீஸின் இளஞ்சிவப்பை வரவழைக்கிறார்கள். கடலில் இருந்து நீலம், பீர் ஆலையில் இருந்து சிவப்பு, ஆஸ்பத்திரியில் இருந்து குமிழி. மண்ணுக்கென்று யாரும் எதையும் தனியாகச் செய்ததில்லையோ என்று தோன்றும்.

ஆனால் அப்படி ஒன்று செய்தார்கள். எந்திரத்துக்கு முன்னால் நடக்கும் வேலை அது. என் பார்வையில் இந்தக் கதையின் கனமான பகுதியும் அதுதான்.

மண்ணை அப்படியே குழாய்க்குள் விட முடியாது. ஏதாவது ஒரு கரைசலில் குலுக்கிச் சாறு இறக்க வேண்டும். எந்தக் கரைசல்? கடும் அமிலத்தில் கொதிக்க வைத்தால் மண்ணிலுள்ள பாஸ்பரஸ் அத்தனையும் வந்துவிடும். ஒரு ஹெக்டேரின் மேல்மண்ணில் அது ஆயிரம் கிலோவைக்கூடத் தாண்டலாம். அந்த எண்ணால் விவசாயிக்குப் பயனில்லை. சுண்ணாம்போடும் இரும்போடும் இறுகிக் கிடப்பதில் பெரும்பகுதி இந்தப் போகத்துப் பயிருக்கு எட்டாது. வேர் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதே கேள்வி. வேருக்குப் பதிலாக ஒரு ரசாயனத்தை நடிக்க வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டெர்லிங் ஓல்சனும் கூட்டாளிகளும் 1954-ல் முன்வைத்த நடிகர் சோடியம் பைகார்பனேட். ஏறக்குறைய நம் சமையல் சோடா. இரண்டரை கிராம் மண், ஐம்பது மில்லி கரைசல், அரை மணி நேரக் குலுக்கல். கரைசலின் பிஹெச் 8.5. பைகார்பனேட், மண்ணின் கால்சியத்தைக் கார்பனேட்டாக இழுத்துக்கொள்ள, அதோடு ஒட்டியிருந்த பாஸ்பேட் பிடி தளர்ந்து வெளியே வருகிறது. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணுக்கு இது பொருந்தும். நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற புளித்த மண்ணுக்கு, இல்லினாய் மாநிலத்தின் பிரேயும் கர்ட்ஸும் 1945-ல் கொடுத்த அமில, ஃபுளோரைடு கலவை. அதைச் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால் அமிலம் அங்கேயே முறிந்துபோய், சாறு பொய் சொல்லும்.

ஆகவே 'இந்த மண்ணில் மணிச்சத்து எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஓல்சனிடம் கேட்டால் ஒன்று, பிரேயிடம் கேட்டால் வேறொன்று. ஓல்சனையே மார்கழிக் காலையில் கேட்டால் ஒன்று, ஏசி இல்லாத அறையில் சித்திரை மதியம் கேட்டால் சற்றுக் கூடுதல். சூட்டில் அதிகம் கரையும். குழாயும் குமிழியும் எவ்வளவு துல்லியமானாலும் அவை எண்ணுவது சாற்றை.

ஓல்சன் சாற்றுக்கும் குமிழி எந்திரத்துக்கும் ஜாதகப் பொருத்தமும் சரியில்லை. நீலம் பூக்க அமிலம் வேண்டும். சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? பொங்கும். குழாய்க்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடு நுரைத்து, கணக்காக விட்ட குமிழிகளின் இடையே கணக்கில்லாத குமிழிகள் முளைக்கும். போதாததற்கு, பைகார்பனேட் மண்ணின் மட்கையும் கரைத்துக்கொண்டு வருவதால் சாறு டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அந்தப் பழுப்பு நீலத்தோடு கலந்தால் எண் கெடும். கையால் செய்கிறவர்கள் கரித்தூள் போட்டு வெளுத்துவிடுவார்கள். எந்திரத்தில் வேறு வழி: முன்கூட்டியே அமிலம் விட்டு நுரையை வெளியேற்றலாம், அல்லது ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் சாற்றையும் மறுபக்கம் சுத்தமான நீரோட்டத்தையும் ஓடவிடலாம். சிறிய பாஸ்பேட் சவ்வைத் தாண்டிவிடும். பெரிய மட்கு மூலக்கூறுகள் தங்கிவிடும். இது ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸேதான். ஸ்கெக்ஸ் ஆட்டோ அனலைசருக்கு முன்னால் 1940களின் இறுதியில் செயற்கைச் சிறுநீரகம் செய்துகொண்டிருந்தவர். ஸ்கெக்ஸ்-லெனார்ட்ஸ் டயலைசர் என்று அதற்குப் பெயர். ஆக, மன்னார்குடி மண்ணின் பழுப்பை வடிகட்டும் அந்தச் சவ்வு, சிறுநீரக நோயாளிகளுக்கு யோசித்ததன் உறவுக்காரப் பிள்ளை.

குமிழியே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 1975-ல் டென்மார்க்கில் யாரோமிர் ருசிச்காவும் எலோ ஹான்சனும் ஓட்டத்துக்குள் சாற்றை ஊசி போட்டது போலச் செலுத்தினார்கள். அது பரவித்தான் போகும். ஆனால் எல்லாச் சாறும் ஒரே அளவு பரவும், செலுத்தியதில் இருந்து ஒரே கால அளவில் கருவியின் ஒளிக்கண்ணைக் கடக்கும். நிறம் முழுசாகப் பூக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டீ மாஸ்டர் எல்லா கிளாஸையும் ஒரே கணக்கில் ஆற்றினால், அரைகுறையாக ஆறினாலும் ஒப்பிட்டுச் சொல்லலாம் அல்லவா, அதுமாதிரி.

மற்றச் சத்துகளுக்கு நிறமும் தேவையில்லை. பொட்டாசியத்தைச் சுடரில் தெளித்தால் ஊதா ஒளி விடும். நாம் சாம்பல்சத்து என்கிற அதைச் சுடர் ஒளிமானியில் பார்ப்பது இன்றும் பல ஊர்களில் வழக்கம். துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு நான்கையும் லிண்ட்சேயும் நோர்வெல்லும் 1978-ல் வகுத்த டிடிபிஏ கரைசலில் இறக்கி, ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-ல் முன்வைத்த அணு உறிஞ்சல் கருவியில் ஒவ்வொன்றாக அளக்கலாம். ஐசிபி என்கிற பிளாஸ்மா கருவி இதற்கெல்லாம் பெரியண்ணன். ஆர்கான் வாயுவை ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கி, சாற்றை அதில் தூவி, இருபது தனிமங்களை ஒரே மூச்சில் படித்துவிடும். இங்கும் ஒரு கொக்கி இருக்கிறது. பிளாஸ்மா எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிடுவதால், மட்கோடு பிணைந்த பாஸ்பரஸையும் சேர்த்து எண்ணும். நீல முறை பெரும்பாலும் தனியான பாஸ்பேட்டை மட்டுமே எண்ணும். ஒரே மண், ஒரே சாறு, இரண்டு நல்ல கருவிகள், இரண்டு எண்கள். பழைய கருவிக்கு வகுத்த 'குறைவு, நடுத்தரம், அதிகம்' அட்டவணையைப் புதிய கருவிக்கு அப்படியே மாட்டினால் உரக்கணக்கு தவறும்.

சாறே இறக்காமல், காய்ந்த மண்ணின்மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அரை நிமிடத்தில் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. கரிமக் கார்பன், களிமண் அளவு போன்றவற்றுக்கு அவை நன்றாகவே கைகொடுக்கின்றன. பயிருக்குக் கிட்டும் பாஸ்பரஸ், பொட்டாசியம் விஷயத்தில் தடுமாறுகின்றன. அந்த ஒளியில் அவற்றுக்கென்று தெளிவான முகம் கிடையாது. வேறு குணங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. கைக்கருவியை மண்ணில் குத்தினால் தழை, மணி, சாம்பல் மூன்றும் செல்போனில் வரும் என்று விற்பவரிடம், எந்த ஊர் மண்ணை வைத்துப் பழக்கினீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தானின் சூரத்கட்டில் தொடங்கியது. கார அமில நிலை, உப்பு நிலை, கரிமக் கார்பன், நான்கு பேரூட்டங்கள், ஐந்து நுண்ணூட்டங்கள் என்று ஒரு மாதிரிக்குப் பன்னிரண்டு எண்கள். நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் அட்டைகள். இத்தனையையும் பிப்பெட்டும் கையுமாகச் செய்து கரையேற முடியாது. எந்திரம் இங்கே ஆடம்பரமே இல்லை. ஆனால் அதே திட்டம் வகுத்த கட்டக் கணக்கைப் பாருங்கள்: பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. நம் ஊர்த் துண்டு நிலங்களில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே எண். ஒருவர் வயலில் ஆட்டுக்கிடை, பக்கத்து வயலில் ஒன்றுமில்லை. அட்டையில் இருவரும் ஒன்று.

எண்ணை உரமாக மாற்றுவதும் எந்திரத்தின் வேலையல்ல. சாற்றில் இவ்வளவு நீலம் என்றால் இவ்வளவு மூட்டை என்று எதுவும் இயற்கையில் எழுதி வைக்கவில்லை. ராமமூர்த்தியும் சக ஆய்வாளர்களும் 1967-ல் டெல்லியில் அதற்கொரு வழி சொன்னார்கள்: வயலிலேயே சத்துக் குறைந்த பாத்தி, நிறைந்த பாத்தி என்று வேண்டுமென்றே உண்டாக்கி, பயிரிட்டு, அறுத்து, எடை போட்டு, குறிவைத்த மகசூலுக்கு எவ்வளவு உரம் என்று சமன்பாடு எழுதுவது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல மையங்கள் பயிருக்குப் பயிர், மண்ணுக்கு மண் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. அதில் வேகமாகச் செய்ய எதுவுமில்லை. நெல் விளைகிற வேகத்தில்தான் விடை வரும்.

எனக்கொரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அட்டையில் எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அச்சிடுகிறார்கள். ஒரு ஹெக்டேரில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழ மண் சுமார் 22.4 லட்சம் கிலோ. குலுக்கியது இரண்டரை கிராம். கிட்டத்தட்ட 90 கோடியில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு தசம இலக்கம் என்பது மாலைப் பொதுக்கூட்டத்தைக் குத்துமதிப்பாக எண்ணி 'பத்தாயிரத்து நாற்பத்து மூன்றரை பேர்' என்று சொல்வது போல.

அந்த இரண்டரை கிராம் எங்கிருந்து வந்தது என்பதை என் மாமா விஷயத்தில் நேராகவே பார்த்தேன். மன்னார்குடிப் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர். ஆய்வகச் சீட்டில் மணிச்சத்து 'மிக அதிகம்' என்று வந்திருந்தது. குறுவைக்கு டிஏபியே போட வேண்டாம் என்று பரிந்துரை. பயிரோ போன பட்டத்தில் தூர் கட்டாமல் நின்றது. மண்ணை முறைப்படிதான் எடுத்திருந்தார். வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குப்பை எல்லாவற்றையும் விட்டு, பன்னிரண்டு இடத்தில் மேல்புல்லைச் செதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்து, கலந்து, நாலு பாகமாக்கி எதிரெதிர் பாகத்தைத் தள்ளி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"எதுல போட்டுக் கொண்டுபோனீங்க மாமா?"

"சாக்குலதான். டிஏபி சாக்கு சும்மா கெடந்துச்சு. நல்லா உதறிட்டுத்தான் மாப்ளே போட்டேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிஏபி குருணை சுமார் 20 மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ், 4 மில்லிகிராம். அரைக் கிலோ மண்ணில் கலந்தால் 8 பிபிஎம். ஹெக்டேருக்கு மாற்ற 2.24-ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 18 கிலோ. தமிழ்நாட்டு அட்டவணைப்படி ஓல்சன் முறையில் 11 கிலோவுக்குக் கீழே 'குறைவு', 22-க்கு மேலே 'அதிகம்'. சாக்கின் தையலில் ஒட்டியிருந்த ஒரே ஒரு குருணை ஒரு வயலைப் பட்டினியில் இருந்து பணக்காரனாக்கிவிடும். மாமாவின் சாக்கில் எத்தனை குருணை இருந்ததோ.

இரண்டாம் முறை கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பையைத் துவைத்துக் காயவைத்து அதில் எடுத்துப் போனார். துத்தநாகமும் பார்க்கிறார்கள் என்பதால், துத்தநாகம் பூசிய ஜிஐ வாளியை வேண்டாம் என்று சொல்லி, பிளாஸ்டிக் வாளியில் கலக்கச் சொன்னேன். சீட்டு வந்தது: மணிச்சத்து குறைவு.

இரண்டு சீட்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல எதை மெஷினு தப்பா சொல்லுச்சு?"

"ரெண்டையுமே சரியாத்தான் சொல்லியிருக்கு மாமா."

"அப்ப மொத சீட்டு?"

"அது உங்க சாக்குக்கு எடுத்த சீட்டு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இரண்டையும் மடித்து, காலண்டர் அட்டைக்குப் பின்னால் சொருகிவிட்டு, டிஏபி எத்தனை மூட்டை வேண்டும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.